எதையும் அழுத்தாதவர்கள்

அந்த லிஃப்ட் கம்பெனியில் பாதிப் பேர் முதலாளிக்குச் சொந்தம், மீதிப் பேர் சொந்தத்துக்குச் சொந்தம். எந்த வகையிலும் ஒட்டாதவர் தலைமை மெக்கானிக் ஒருவர்தான். கம்பெனி ஓடிக்கொண்டிருந்ததற்கு அதுவே காரணம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். முதலாளிக்கு ஒரே மகள். கணக்குப் பிரிவு அவள் கையில். அவளைக் கட்டியவர், வேலை பார்த்துக்கொண்டிருந்த அச்சு மை கம்பெனி கதவைச் சாத்திவிட்டதால், மாமனாரிடமே வந்து சேர்ந்தார். டீ கொண்டுவருபவர்கூட அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மாப்பிள்ளைக்கு அங்கே மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மரியாதையைத் தவிர வேறு எதுவுமே இல்லை என்பதுதான் குறை. மாமனார் அவரை ஒருநாளும் நீ, வா, போ என்று பேசியதில்லை. "மாப்பிள்ளை, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க" என்பார். "மாப்பிள்ளை, அதை வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்பார். ஒரு மனிதனை ஓரமாக உட்கார வைக்க இதைவிட நாகரிகமான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் மேஜையைக் குடிநீர் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் தம்ளர் நிரம்பும்வரை அவரிடம் எதையாவது பேசிவிட்டுப் போவார்கள். யாருக்கு முதுகுவலி, யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, யார் யாருடைய பிஸ்கட்டைத் தின்கிறார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வேலை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

அந்த ஆபீஸில் கூடத்தின் நடுவே ஒரே ஒரு போன் இருந்தது. மணி அடித்தால் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். யாருக்குப் பொறுமை முதலில் தீர்கிறதோ அவர் எடுப்பார். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது, முதலாளி ஒருநாள் ஏதோ ஒரு பெரிய கம்பெனிக்குப் போன் செய்தார். ஒரு பெண்குரல், விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும், சேவைக்கு இரண்டை அழுத்தவும் என்று தேனொழுகச் சொன்னது. முதலாளி போன் செய்த விஷயத்தையே மறந்துவிட்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தி அழுத்திக் கேட்டார். போனை வைத்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"நமக்கு இப்படி ஒண்ணு இல்லையே" என்றார்.

பொறுப்பு மாப்பிள்ளை தலையில் விழுந்தது. வேறு எல்லோரும் வேலையாக இருந்தார்கள், அல்லது இருப்பதாகச் சொன்னார்கள்.

"இதை நீங்க முன்னாடி நின்னு முடிச்சுக் குடுங்க மாப்பிள்ளை. மாசக் கடைசியில உங்களை எங்க உட்கார வைக்கறதுன்னு பார்க்கலாம்" என்றார் மாமனார்.

எங்கே என்பதில் இரண்டே வழிகள். ஒன்று, காலியாகக் கிடந்த சேவைப் பிரிவு அறை. அதற்குக் கதவு உண்டு, ஜன்னல் உண்டு, சுற்றினால் சத்தம் போடாத நாற்காலி உண்டு. இன்னொன்று ஊருக்கு வெளியே இருந்த கிடங்கு. அங்கே இரும்புத் தண்டுகள் உண்டு, எலிகள் உண்டு, எப்போதாவது வரும் லாரி டிரைவர் உண்டு. மாப்பிள்ளைக்கு அந்த அறை வேண்டும். வாய்விட்டுக் கேட்கத் தன்மானம் விடவில்லை, அவ்வளவுதான்.

புது மெஷினை மாட்ட வந்த போன்காரர் பல ஆபீஸ்களைப் பார்த்துச் சலித்தவர். "மெஷின் எங்கயும் தகராறு பண்ணாது சார். யாருக்கு எந்த நம்பர்னு வரும் பாருங்க, அங்கதான் ஆரம்பிக்கும்" என்று மாப்பிள்ளை காதில் முன்கூட்டியே போட்டுவைத்தார்.

அப்படியேதான் நடந்தது. வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஆபீஸே கூடி நின்றது. முதலாளி தனக்கு ஒன்று வேண்டும் என்றார். ஒன்றை அழுத்தினால் நேராக அவருக்கே வரும், அவரேதான் பேசியாக வேண்டும் என்று போன்காரர் விளக்கினார். முதலாளி யோசித்துவிட்டு ஒன்பதுக்கு மாறிக்கொண்டார். ஒன்பதுவரை பொறுமையாகக் கேட்கிறவன் நல்ல மனிதனாகத்தான் இருப்பான் என்று காரணமும் சொன்னார். ஒன்று புது லிஃப்ட், இரண்டு ஒப்பந்தம், மூன்று பழுது, நான்கு கணக்கு. ஐந்திலிருந்து எட்டுவரை சொந்தக்காரர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எட்டாம் எண்ணை முதலாளியின் சித்தப்பா வாங்கிக்கொண்டார். அது என்ன பிரிவு என்று கேட்டதற்கு, "பொது" என்றார்.

கடைசியில் போன்காரர் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"சிலபேர் எதையுமே அழுத்த மாட்டாங்க சார். சும்மா கேட்டுட்டே இருப்பாங்க. மூணு தடவை சொல்லியும் அழுத்தலைன்னா அவங்களை எங்க அனுப்பறது?"

முதலாளி சுற்றிலும் பார்த்தார். அவர் கண் குடிநீர் மெஷின் பக்கம் போய் நின்றது.

"சும்மா இருக்கறவங்களைச் சும்மா இருக்கறவர்கிட்டயே அனுப்பிடுங்க. நம்ம மாப்பிள்ளைக்குப் போகட்டும்."

கூடமே சிரித்தது. சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. மாப்பிள்ளையும் சிரித்தார். அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம் என்று அவருக்குத் தெரியும். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அடுத்து வரவேற்புக் குரல். வெளியில் யாரையாவது வைத்துப் பேச வைக்கலாம் என்று மகள் சொன்னாள். சொந்தக் குரல் இருக்கும்போது எதற்கு என்று முதலாளியே உட்கார்ந்து பதிவு செய்தார். கம்பெனி எப்படித் தொடங்கியது, முதல் லிஃப்ட் எங்கே மாட்டியது, தரம் என்றால் என்ன என்றெல்லாம் சொல்லிவிட்டு, "எங்களை நம்பி ஏறுங்கள், உங்களை மேலே அனுப்பி வைப்பது எங்கள் பொறுப்பு" என்று முடித்து, அதற்கப்புறம்தான் எண்களுக்கு வந்தார். நடுவில் ஒரு இருமல் விழுந்துவிட்டது.

"அப்பா, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடலாமா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு."

போன்காரர் மேலே விட்டத்தைப் பார்த்தார். இருமலை வெட்டவும் முதலாளி சம்மதிக்கவில்லை. அப்போதுதான் மனிதன் பேசுவதுபோல் இருக்குமாம்.

எல்லோரும் கலைந்த பிறகு மாப்பிள்ளை தன் மேஜையில் தனியாக உட்கார்ந்தார். மெஷினின் செட்டிங்கை எப்படி மாற்றுவது என்று போன்காரர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எதையும் அழுத்தாவிட்டால் யாருக்கு என்ற இடத்தில் அவருடைய எண் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது. ஒவ்வொரு முறை அந்தப் போன் அடிக்கும்போதும் அந்தச் சிரிப்பு கேட்கும். அவர் அதை அழித்தார். மணி எங்கும் அடிக்காமல், வரவேற்பு ஓடும்போதிலிருந்தே பேசுவதையெல்லாம் வாய்ஸ்மெயிலில் பிடித்துவைக்கும்படி மாற்றினார். எவன் வேண்டுமானாலும் பேசிக் கொட்டட்டும், கேட்கிறதுக்கு இங்கே ஆள் இல்லை என்று வாய்விட்டே சொன்னார். செய்தி வந்தால் அவர் போனில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். மறுநாளே அது மினுக்க ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் கறுப்பு டேப் வாங்கி அதன்மேல் ஒட்டிவிட்டார்.

முதலாளிக்கோ பெருமை பிடிபடவில்லை. முன்பெல்லாம் தினமும் யாராவது ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு போன் செய்வார். புது மெஷின் வந்ததிலிருந்து அப்படி ஒரு போன்கூட இல்லை. "பார்த்தீங்களா, லிஃப்ட் நிக்கறதே நின்னுபோச்சு" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். போன் மெஷினை மாற்றினால் லிஃப்ட் ஏன் நிற்காது என்று ஒருவரும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் முதலாளி ஒரு பல் டாக்டர் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். ஐந்து மாடிக் கட்டடம் அந்த அம்மாவுடையது. லிஃப்டும் இந்தக் கம்பெனி மாட்டியதுதான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலாளி படியில்தான் ஏறுவார். கால் நன்றாக இருக்கும்போது எதற்கு லிஃப்ட் என்பார். லிஃப்ட் விற்கிறவர் சொல்கிற பேச்சா இது என்று யாரும் யோசித்ததில்லை. அன்றைக்கு அந்த அம்மா விடவில்லை போலிருக்கிறது. சத்தம் வருகிறது, ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கையோடு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் ஏறிய நேரத்தில் மனைவி மாப்பிள்ளையின் மேஜைக்கு வந்தாள்.

"அப்பாவோட செல்லுக்குப் போனே போகலை. உங்ககிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?"

"என்கிட்ட என்னத்தைச் சொல்லப்போறார்."

அவள் பார்வை போனில் ஒட்டியிருந்த டேப்பில் விழுந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தாள். விளக்கு வெறி பிடித்ததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"எதையும் அழுத்தாத சோம்பேறிங்க பேசி வெச்சிருப்பாங்க. விடு."

அவள் விடவில்லை. பட்டனை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் இரும்பைத் தட்டும் சத்தம். பிறகு, ஹலோ, யாராவது இருக்கீங்களா என்று ஓர் ஆண்குரல். அடுத்தது ஒரு பெண்.

"மூணை அழுத்தச் சொல்றீங்க. மூணை அழுத்தினேன். மூணாவது மாடி லைட்டுதாங்க எரியுது. லிஃப்ட் நகர மாட்டேங்குது. வேற மூணு எதுவும் இங்க இல்லைங்க."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்டுக்குள் இருக்கும் போனில் எண்கள் கிடையாது. உதவி என்று ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் நேராக இந்த ஆபீஸுக்கு வரும். செல்போன் எடுக்காத இரும்புப் பெட்டிக்குள் அது ஒன்றுதான் வழி. ஊர் முழுக்க அந்தப் போனைத் தங்கள் கையால் மாட்டியவர்கள்தான் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று எண்ணுக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அடுத்த செய்தியில் இரண்டு இளசுகள். "இப்ப இருமுவார் பாரு" என்றான் ஒருவன். பின்னால் முதலாளியின் இருமல் கேட்டது. "சொன்னேன்ல" என்றான். நல்லவேளை, அவர்களையெல்லாம் காவலாளிகள் எப்படியோ கதவை நெம்பி வெளியே எடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் வந்தது இருவருக்கும் நன்றாகத் தெரிந்த குரல்.

"நான்தான் பேசறேன். பல் டாக்டர் பில்டிங்ல லிஃப்ட் நின்னுடுச்சு. யாராவது எடுங்க."

மனைவி அங்கிருந்தே மெக்கானிக்கைக் கத்திக் கூப்பிட்டாள். வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"எதையும் அழுத்தலைன்னா உங்களுக்குத்தானே மணி அடிக்கணும். ஏன் அடிக்கலை?"

மாப்பிள்ளை கறுப்பு டேப்பைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்புறம் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கல்யாணமானவர்களுக்கு இந்த வார்த்தையின் எடை தெரியும்.

மாப்பிள்ளை தனியாக மீதியைக் கேட்டார். மாமனார் திரும்பத் திரும்பப் பட்டனை அழுத்தியிருந்தார். ஒவ்வொரு முறையும் தன் கம்பெனியின் வரலாற்றை மும்முறை கேட்டுவிட்டுத்தான் அவருக்குக் குறுக்கீடு இல்லாமல் பேச வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

"யாருய்யா அது, மனுஷன் பேச வர்றப்ப குறுக்க குறுக்க..."

"அது உங்க குரல்தான் சார்." இது டாக்டர் அம்மா.

அடுத்தது. "ஒன்பதை அழுத்தச் சொல்லுதும்மா. இங்க அஞ்சு மாடிதானே இருக்கு. ஒன்பதுக்கு நான் எங்க போவேன்."

அதற்கடுத்ததில் குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. "மூச்சு முட்டுது. எனக்கு மூடின இடம்னா ஆகாது. சின்ன வயசுல இருந்தே ஆகாது. வெளியில சொல்லிடாதீங்கம்மா."

"அப்ப எதுக்கு சார் லிஃப்ட் கம்பெனி வெச்சீங்க?"

கடைசிச் செய்தி சற்று முன்புதான் வந்திருந்தது.

"மாப்பிள்ளை. எதையும் அழுத்தலைன்னா உங்களுக்குத்தான் வரும்னு நான்தானே சொன்னேன். அந்த மெஷின் யார்கிட்ட வேணா போகட்டும், நீங்க எடுப்பீங்க. நீங்க வேற எங்கயும் போக மாட்டீங்க. எடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதர் இருட்டில் கைநீட்டியிருக்கிறார், இவர் டேப் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவமானம் என்றால் அன்று கூடமே சிரித்தது இல்லை, இதுதான் என்று பட்டது. செட்டிங்கைத் திறந்து, தன் எண்ணைப் பழைய இடத்தில் போட்டார். பிறகு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமனார் இன்னும் ஒரு தடவை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு அந்த வரவேற்பை மூன்று முறை தாங்க வேண்டும். தாங்குவாரா என்பது சந்தேகமாகத்தான் இருந்தது. கேட்டவருக்குத்தான் தெரியும் அது எவ்வளவு நீளம் என்று.

போன் அடித்தது.

"மாமா, நான்தான்."

மாமனார் முதலில் ஒன்றை உறுதி செய்துகொண்டார்.

"மெஷின் இல்லையே?"

"இல்லை மாமா. உங்க பொண்ணும் மெக்கானிக்கும் வந்துட்டே இருக்காங்க. லிஃப்ட் விழாது. நாலு கம்பியில தொங்குது, ஒண்ணு போதும்னு நீங்கதான் எல்லார்கிட்டயும் சொல்வீங்க."

"அது வாங்கறவங்களுக்குச் சொல்றது." அடுத்த மூச்சிலேயே, "இவ்வளவு நேரம் ஏன் எடுக்கலை மாப்பிள்ளை?" என்றார்.

மெஷின் கோளாறு என்று சொல்லலாம். போன்காரர் தப்பாக மாட்டிவிட்டார் என்று சொல்லலாம். போன்காரர் எதிரில் இல்லை, எந்தப் பழியையும் தாங்கக்கூடியவர். உண்மையைச் சொன்னால் கிடங்குதான். மாப்பிள்ளையின் கண்முன்னால் எலிகள் வரிசையாக வந்து போயின.

"நான்தான் மாமா மாத்தி வெச்சேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீங்க அப்படிச் சொன்னது சுருக்குனு இருந்துச்சு. என் போன் அடிக்கவே கூடாதுன்னு நானே நிறுத்திட்டேன். தப்பு என்னுதுதான்."

சாதாரணப் போனாக இருந்தால் மாமனார் அந்த இடத்தில் பட்டென்று வைத்திருப்பார். ஆனால் லிஃப்ட் போனில் அழுத்த எண்கள் இல்லாததுபோலவே, வைக்கவும் வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக மாமனார் எழுந்து போக முடியாத இடத்தில் இருந்தார். மாப்பிள்ளைக்கு அது உறைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் சும்மா இருக்கேன்னு எனக்கும் தெரியும் மாமா. எதைக் கேட்டாலும் வேற ஆள் பார்த்துக்கட்டும்னு சொல்லிட்டு, அப்புறம் சும்மா இருக்கான்னு நீங்களே சிரிச்சா, நான் என்ன பண்றது?"

"நியாயமாத்தானே கேட்கறார்" என்றது டாக்டர் அம்மாவின் குரல்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா." பிறகு குரல் மறுபடி இறங்கியது. "மாப்பிள்ளை, வேற ஏதாவது பேசுங்க. என்ன வேணா பேசுங்க. நிறுத்தாம பேசுங்க."

நிறுத்தாமல் பேச மாப்பிள்ளையிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. குடிநீர் மெஷின் பக்கத்தில் சேர்த்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார். முதலாளியின் அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பா எப்படிக் காலியாகிறது என்று சொன்னார். விற்பனைப் பிரிவில் இரண்டு பேர் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதைச் சொன்னார். எட்டாம் எண் உண்மையில் என்ன பிரிவு என்பதையும் சொன்னார். சித்தி வீட்டில் துணி தைக்கிறாள். அதற்கு ஆர்டர் எடுக்கச் சித்தப்பா வைத்திருக்கும் எண் அது.

"என் மெஷின்லயா?" என்றார் மாமனார். அப்புறம் அந்த இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அழுகைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. அது அடங்குவதற்குள் கதவைத் தட்டும் சத்தமும், அப்பா என்று மகளின் குரலும் கேட்டன.

மறுநாள் போன்காரரை மறுபடி கூப்பிட்டார்கள். வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஆபீஸ் மறுபடி கூடியது. முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"லிஃப்ட்ல இருந்து வர்ற போனுக்கு வணக்கமும் வேண்டாம், வரலாறும் வேண்டாம். நேரா மணி அடிக்கணும்."

"யாருக்கு சார்?"

"மாப்பிள்ளைக்கு."

சித்தப்பா பழக்க தோஷத்தில் சிரிக்க ஆரம்பித்து, தனியாகச் சிரிப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எட்டாம் எண்ணையும் எடுத்துவிடும்படி முதலாளி சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

பல் டாக்டர் அம்மா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போனில் பேசினாரே, அவரே எடுப்பதாக இருந்தால் மட்டும் என்று கீழே ஒரு வரியும் எழுதிக்கொடுத்தார். மெஷினில் தான் பேசியதெல்லாம் என்ன ஆயிற்று என்று முதலாளி மகளைத் தனியாகக் கேட்டார். "அழிச்சாச்சுப்பா" என்றாள். தன் செல்போனில் ஒரு பிரதி வைத்துக்கொண்டதை அவள் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. அவரோடு பேச வேண்டியதை அன்று வீட்டுக்குப் போனதும் பேசி முடித்தாள். அது நமக்கு வேண்டாம்.

மாசக் கடைசி வந்தது. சேவைப் பிரிவு அறையின் கதவை முதலாளியே திறந்துவிட்டார். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, போன் அடித்தது. எங்கோ ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவில், ஒரு பெரியவர்.

"தம்பி, மன்னிச்சுக்கங்க. வேலை நேரத்துல தொந்தரவு பண்றேனோ?"

மாமனார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரை நேராகப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை ஐயா. நான் சும்மாதான் இருக்கேன். சொல்லுங்க."